வேலைக்குப் போனதுதான் காரணமா?

"நான் வேலைக்குப் போனதுதான் காரணமா டீச்சர்?" என்று கேட்டாள், என் அங்கன்வாடி மையத்துக்கு வந்த கொழுந்து பறிக்கும் தாய் ஒருத்தி. மகள் வயதுக்கேற்ற உயரம் வளராததைப் பற்றித்தான் கேட்டாள். "இல்லம்மா" என்றேன். பேச்சு அவ்வளவுதான். அந்தப் பதில் சரியா என்று இன்னும் எனக்குள் வாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அவள் மகளுக்கு அப்போதுதான் மூன்று வயது முடிந்திருந்தது. எடை 11 கிலோ, உயரம் 84 செ.மீ. எடையை மட்டும் பார்த்தால் எடைக்குறைவுக் கோட்டுக்குச் சற்று மேலேதான். கன்னம் உப்பி, பார்க்க நன்றாகவே இருப்பாள். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி மூன்று வயதுப் பெண் குழந்தையின் சராசரி உயரம் 95 செ.மீ. 87.4க்குக் கீழே போனால் வளர்ச்சி தடைபட்டிருக்கிறது என்று அர்த்தம். 84 என்பது இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம். எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளையை யாரும் கவனிக்காமல் விடமாட்டார்கள். இப்படி அளவாகச் சிறுத்துப்போன பிள்ளையை, வயது தெரியாதவரை, எல்லோரும் கொஞ்சிவிட்டுப் போய்விடுவார்கள். 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் நான்கில் ஒரு குழந்தை இந்த நிலையில்தான் இருக்கிறது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு நான் அளந்ததே பிடிக்கவில்லை. "எங்க வம்சமே குட்டைதான் டீச்சர். இவ ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல" என்றார். படித்தவர்களும் இதையே சொல்லியிருக்கிறார்கள். ஏழை நாடுகளில் உருவத்தில் சிறிய பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆரோக்கியமானவர்களே என்று 1980களில் டேவிட் செக்லர் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் எழுதினார். அதைக் கடுமையாக எதிர்த்தவர் ஊட்டச்சத்து விஞ்ஞானி டாக்டர் சி. கோபாலன். அவர் ஆரம்பத்தில் ஆய்வு செய்தது நம் குன்னூரில். 1918இல் ராபர்ட் மெக்காரிசன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் அங்குள்ள பாஸ்டர் நிறுவனத்தில் தொடங்கிய சின்ன ஆய்வுக்கூடம்தான் பிறகு பெரிதாகி, 1958இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. இந்த மலையில் பலருக்கு அது தெரியாது.

கோபாலன் பக்கம்தான் நான். ஆனாலும் பாட்டி சொன்னதைத் தள்ளிவிட முடியவில்லை. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவர் அவர். 2016இல் இலங்கையில் எடுத்த கணக்கில், நாடு முழுவதும் 17.3 சதவீதக் குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. தோட்டப் பகுதியில் மட்டும் அது 31.7. பாட்டியின் அம்மா அரைவயிற்றோடு கர்ப்பம் சுமந்திருப்பார். பாட்டி சிறுத்துப் பிறந்திருப்பார். குட்டையான தாய்க்கு எடை குறைந்த பிள்ளை பிறக்கும் வாய்ப்பு அதிகம். வம்சம் என்று அவர் சொல்வது பொய்யில்லை. அந்த வம்சத்துக்கு யாரும் வயிறார சோறு போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சரி, அந்தத் தாயிடம் சொன்ன "இல்லை"க்கு வருகிறேன்.

கர்ப்பத்தில் அவளுக்கு இரத்தசோகை. குழந்தை பிறந்தபோது 2.1 கிலோ. வயிற்றிலேயே தொடங்கிய குறைக்கு வேலையை எப்படிக் காரணம் சொல்வது? அந்த வகையில் என் பதில் சரி. ஆனால் பிள்ளை பிறந்த மூன்றாம் மாதமே கொழுந்து பறிக்கப் போய்விட்டாள். பகல் முழுக்கப் பிள்ளை பாட்டியிடம். பால் குறைந்தது. தேத்தண்ணியில் நனைத்த வர்க்கி சீக்கிரமே வாய்க்குப் பழகிவிட்டது. மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வந்தது. மையத்தில் கொடுத்த சத்துமாவை வீட்டில் எல்லோரும் பகிர்ந்துகொண்டார்கள். முதல் இரண்டு வருடத்தில் விட்ட உயரத்தை அப்புறம் முழுசாகப் பிடிப்பது கடினம். இவ்வளவையும் தெரிந்து வைத்துக்கொண்டு "இல்லை" என்றேன்.

ஏன் என்றால், "ஆமாம்" என்பதும் உண்மையாகாது. ஆசைக்கா அவள் வேலைக்குப் போனாள்? பெரிய எஸ்டேட் என்றால் 1951ஆம் வருடத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பிள்ளைக் காப்பகம் வைக்கச் சொன்னது, பால் கொடுக்க இடைவேளை விடச் சொன்னது. அந்தச் சட்டம் ஐந்து ஹெக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறைந்த தோட்டத்தைத் தொடவில்லை. இவள் போவது சிறு விவசாயிகளின் தோட்டங்களுக்கு, தினக்கூலிக்கு. சம்பளத்தோடு 26 வாரப் பிரசவ விடுப்பு என்பது இவளுக்கு யாருடைய கதையோ. ஒரு "ஆமாம்" சொல்லியிருந்தால் இத்தனையையும் அவள் தலையில் ஏற்றிவிட்டு நான் பதிவேட்டை மூடியிருப்பேன்.

இப்படி நினைத்துத் தேறிக்கொள்ளும்போதே ஒரு விஷயம் உறுத்தும். கேட்ட அன்று அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. போனதைப் பற்றியா கேட்டாள், வரப்போவதைப் பற்றியா? இந்தப் பிள்ளையையும் மூன்றாம் மாதம் விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டிருந்தால், என் பதில் அவளுக்குச் சம்மதம் போலத்தானே கேட்டிருக்கும்? அதற்குப் பிறகு இரும்புச்சத்து மாத்திரை, முட்டை, கீரை, எடை என்று எல்லாம் பேசினேன். வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன மாதம் பிரசவம் நடந்தது. மறுபடியும் பெண், 2.6 கிலோ. அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி உண்டு, ஆனால் அது தவணை தவணையாகத்தான் வரும். அரிசிக் கடைக்காரர் தவணைக்குக் காத்திருக்க மாட்டார். கைக்குழந்தையை மையத்தில் விடலாமா என்று பாட்டிதான் வந்து கேட்டார். இரண்டு வயதுக்குக் கீழே எடுப்பதில்லை என்று சொல்ல வேண்டியிருந்தது.

போய்த்தான் ஆக வேண்டுமென்றால் லைன் வீடுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்துக்கு மட்டும் போகட்டும், பத்து மணிக்கும் மதியமும் பாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அதற்குத் தோட்டக்காரர் ஒத்துக்கொள்ள வேண்டும். அவரிடம் நானே பேசுகிறேன் என்றும் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் இலை விலை விழுந்த கஷ்டம் இருக்கிறது, கிலோ கணக்கில்தான் பேசுவார். வரும் ஞாயிறு போகிறேன்.