வடசேரி பச்சைக்கல்: மரகதமா, கண்ணாடியா? எடைபோட்டுப் பார்த்தது

எடுத்துக்கொண்டது, பழைய கோவில் நகையிலிருந்து கழன்ற மூன்று பச்சைக் கற்கள். கோவில் நகைக்குப் பேர்போன நாகர்கோவில் வடசேரியில் இன்று பதிக்கும் பச்சைக் கெம்பு (நகைக்கல்) பெரும்பாலும் செயற்கைதான். பழைய உருப்படிகளில் அப்படி முடிவுகட்டிவிடக் கூடாது.

முதலில் கல்லின் அடியில் ஒட்டியிருந்த அரக்கு. தின்னர், அசிட்டோன், வெந்நீர் மூன்றும் வேண்டாம். மரகதத்தின் வெடிப்புகளில் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள். அது வெளியேறினால் கல் வெளிறி, கீற்றெல்லாம் பளிச்சென்று தெரியும். மரக் குச்சியால் சுரண்டியதே போதுமானதாக இருந்தது. பின்னால் வைத்த பச்சைத் தகட்டையும் எடுத்துவிட வேண்டும், நிறத்தில் பாதி அதனுடையது.

எடைக்கு 0.001 கிராம் காட்டும் தராசு. மருந்து மூடியில் 10 மில்லி, கொதித்து ஆறிய தண்ணீர், ஒரு சொட்டு சோப்புத் திரவம். மூடியைத் தராசில் வைத்து, மெல்லிய தங்கூசியில் (நைலான் மீன்பிடி இழை) போட்ட சுருக்கை மட்டும் முதலில் முக்கிப் பூஜ்ஜியமாக்க வேண்டும். பிறகு சுருக்கில் கல்லைக் கோத்து அதே ஆழத்துக்கு இறக்கலாம். கல் அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது. காய்ந்த எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம் என்பது கிடைக்கும்.

முதல் சுற்றில் ஒரே கல் 2.5 என்றும் 2.6 என்றும் மாறி மாறிக் காட்டியது. காரணம் கல்லில் ஒட்டிய காற்றுக்குமிழி. தூரிகையால் தடவி, மின்விசிறியை அணைத்து, சன்னலையும் சாத்திய பிறகே எண் நின்றது. 0.01 கிராம் தராசு இதற்கு உதவாது: அரை கிராம் மரகதம் அதில் 2.6 முதல் 2.9 வரை எங்கும் நிற்கும்.

முதல் கல் காய்ந்தபடி 0.612 கிராம், நீரில் இறக்கியபோது தராசு காட்டியது 0.225, அதாவது 2.72, மரகதத்துக்கு உரிய எண். இரண்டாவது 0.540, 0.216, 2.50. பத்து மடங்கு லென்ஸில் உருண்டைக் குமிழிகள் தெரிந்தன, கண்ணாடியேதான். மூன்றாவது 0.584, 0.220, 2.65. மரகதத்தின் எண்ணுக்கு அருகில்தான்; இங்கேதான் எடை ஏமாற்றும். தண்ணீரில் போட்டுப் பக்கவாட்டில் பார்த்தால் மேலும் கீழும் நிறமில்லை, நடுவில் மட்டும் பச்சைக் கோடு. இரண்டு படிகத் துண்டுகளுக்கு நடுவே சாயம் வைத்த ஒட்டுக்கல்.

பாலில் போட்டால் பால் பச்சையாகும் என்ற சோதனையும் செய்தாயிற்று. கண்ணாடிக் கல்லும் அதே பச்சையைக் காட்டியது. கல்லுக்குள் புகுந்த ஒளிதானே பாலில் விழுகிறது! கல்லைக் குண்டு பல்பின் கீழ் வைத்து, செல்சீ வடிகட்டி (மரகதம் பலவற்றைச் சிவப்பாகக் காட்டும் நிற வடிகட்டி) வழியாகப் பார்க்க வேண்டும். எல்இடியில் கல் சிவக்காமல் போகலாம். சிவக்காத அசல் மரகதமும் உண்டு.

முதல் கல்லில் லென்ஸ் காட்டியது அழகிய பாசிக்காடு: கீற்றுகள், மெல்லிய திரைகள். சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை மதுரை மணிக்கடைத் தெருவைச் சொல்லும்போது ஏகை, மாலை, இருள் என்ற குற்றங்கள் நீங்கிய மரகதத்தைப் பேசுகிறது. ஏகை என்பது கீற்று. அன்று கொலம்பியக் கல் இங்கே கிடையாது. அது 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கைக்குப் போன பிறகே கடல் தாண்டியது. அதற்கு முன் பேர்போனவை எகிப்தில் செங்கடலை ஒட்டிய மலைச் சுரங்கங்கள். அன்று விலையைக் குறைத்த ஏகையைத்தான் இன்று அசலுக்கு அடையாளமாகத் தேடுகிறோம்.

ஆய்வகத்தில் வளர்த்த மரகதமும் ஏறத்தாழ இதே எடைதான் காட்டும். அதனால் முதல் கல்லை விலை பேசும் முன் கல் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும்.