48 கிலோமீட்டர் வேகத்தில் ஜீப்புக்கு வந்த நடுக்கம்: கோளாறு ஒரு பல்லில்

நான்கு மாதமாக என் ஜீப்பை ஆட்டிவைத்த நடுக்கம் போன ஞாயிற்றுக்கிழமை ஒழிந்தது. தேனியிலிருந்து போடிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது, பின்னால் வந்த வண்டியின் நம்பர் பிளேட்டைப் பக்கக் கண்ணாடியிலேயே படித்தேன். அதுவரை அந்தக் கண்ணாடியில் தெரிந்தது வெள்ளையாக ஒரு தீற்றல் மட்டும்தான்.

வண்டி மகிந்திரா சிஜே-3பி. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றி இறக்கிய ஜீப். ஸ்பைசர் 18 டிரான்ஸ்ஃபர் கேஸ் (சுழற்சியை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பிரித்துத் தரும் கியர் பெட்டி), 6.00-16 டயர். பின் ஸ்பிரிங்கில் கூடுதலாக ஒரு பட்டை போட்டு, பட்டறையிலிருந்து எடுத்துவந்த நாளிலிருந்து தொல்லை. 45 வரை சாதுவாக ஓடும். 48-ஐத் தொட்டதும் தரைத்தகடு கிர்ரென்று அதிரும், கியர் ராடின் குமிழைப் பிடித்தால் உள்ளங்கை மரத்துப்போகும்.

ஓட்டத்தில் நியூட்ரலுக்குத் தள்ளினாலும் நிற்கவில்லை; எஞ்சின், கிளட்ச் இரண்டும் கணக்கிலிருந்து போயின. டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் முன் ஷாஃப்டைக் கழற்றினேன், மாற்றமில்லை. அப்புறம் பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஃபோர் வீல் போட்டு முன் அச்சை வைத்தே ஓட்டினேன். நடுக்கம் சுத்தமாக இல்லை. பின் பினியன் (ஷாஃப்ட் போய்ச் சேரும், அச்சில் உள்ள சிறு பல்சக்கரம்) அப்போதும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது என்பதால் பினியன் பேரிங்கும் தப்பியது. இதைச் செய்து பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் வண்டியில் ஹேண்ட் பிரேக் டிரம் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்வாயில் இருக்கிறது. பின் ஷாஃப்ட் இல்லாதபோது அது பின் சக்கரத்தைப் பிடிக்காது. சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் இறங்காதீர்கள்.

பின் ஷாஃப்டின் இரு முனையிலும் வளைந்து கொடுக்கும் மூட்டான கிராஸ் இரண்டையும் புதிதாகப் போட்டேன், பலனில்லை. சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். சாக்பீஸால் குறி வைத்து உருட்டியதில் சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.2 மீட்டர் போகிறது. பினியன் சுழற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுன் 43 பல், பினியன் 8 பல். அப்படியானால் 48 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு 6 சுற்று, ஷாஃப்ட் 32.6 சுற்று. நடுக்கம் நொடிக்கு 6 முறை என்றால் டயர் அல்லது ரிம், 33 என்றால் ஷாஃப்டின் பேலன்ஸ், 65 என்றால் கிராஸ் கோணமோ, கிராஸைப் பிடிக்கும் கவையான யோக்கின் அமைப்போ. கிராஸ் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை உதைக்கும் அல்லவா?

அதிர்வை அளக்கும் செயலியை ஏற்றி, போனைத் தரைத்தகட்டில் டேப் போட்டு ஒட்டினேன். உச்சம் நொடிக்கு 35-இல் நின்றது. 33-க்குப் பக்கம்தானே, பேலன்ஸ் என்று முடிவு செய்துவிட்டேன். பினியன் முனைப் பக்கம் எடைக்காக இரண்டு ஹோஸ் கிளிப் மாட்டி, திருப்பித் திருப்பி வைத்து இரண்டு வாரக் கடைசிகள் போயின. கோயம்புத்தூர் வரை ஷாஃப்டைத் தூக்கிக்கொண்டு போய் பேலன்ஸ் பார்த்தால், சரியாகத்தான் இருக்கிறது என்று திருப்பித் தந்தார்கள்.

உண்மையைக் காட்டிக்கொடுத்தது செயலியின் வரைபடத்தில் இருந்த ஒரு விபரீதம். 52-க்கு வேகத்தைக் கூட்டியபோது உச்சம் 35-இலிருந்து 29-க்கு இறங்கியது. சுற்றுகிற பொருளின் அதிர்வு வேகம் கூடினால் ஏறத்தான் வேண்டும், இறங்கவே கூடாது. அப்போதுதான் உறைத்தது. என் பழைய போன் நொடிக்கு 100 முறை மட்டுமே அளக்கிறது. 50-க்கு மேல் உள்ள எதுவும் அதன் கண்ணுக்கு மடங்கித்தான் தெரியும். 65 என்பதை 100-இலிருந்து கழித்தால் 35. தம்பியின் போன் 200 முறை அளக்கும். அதை வைத்ததும் 65-இல் ஒற்றைத் தென்னை மரம் மாதிரி ஒரு கோடு நின்றது. செயலியை நம்புவதற்கு முன் உங்கள் போன் நொடிக்கு எத்தனை முறை அளக்கிறது என்று தயவுசெய்து பாருங்கள்.

கூடுதல் பட்டையால் கோணம் கெட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு முனையிலும் அளந்தால் வித்தியாசம் ஒரு டிகிரிக்குள். மிச்சம் யோக்தான். கிராஸைக் கழற்றி, இரண்டு முனை யோக்கின் காதுத் துளைகளிலும் ஆளுக்கொரு நேரான கம்பியைச் செருகி, ஷாஃப்டைத் தரையில் கிடத்தினேன். இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும்; ஆனால் ஒரு கம்பி தரைக்கு மட்டமாக இருக்க, இன்னொன்று சாய்ந்து நின்றது. ஷாஃப்டின் இரு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று செருகும் ஸ்லிப் ஜாயிண்டில் 16 பல். ஒரு பல்லுக்கு 22.5 டிகிரி. சாய்வு 22 சொச்சம். பட்டறையில் பிரித்துப் பூட்டும்போது ஒரு பல் தள்ளி ஏற்றியிருக்கிறார்கள். காய்ந்த கிரீஸைச் சுரண்டியதும் இரு பாதியையும் நேராகச் சேர்ப்பதற்கான அம்புக்குறி இரண்டும் வெளியே வந்தன, ஒன்றை ஒன்று பார்க்காமல். நேராக்கிப் பூட்டினேன், தென்னை மரம் புல்லாகிவிட்டது.

இனி மிச்சம், 35-40 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் வரும் ஊளை. அது டிரான்ஸ்ஃபர் கேஸின் நடு கியர். அதைத் தாங்கும் ஷாஃப்ட் குழி விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன். வடித்த ஆயிலில் வெள்ளிக் குழம்பு மாதிரி மினுமினுப்பு இருந்தது. இந்த ஷாஃப்ட் முக்கால் அங்குலம், ஒன்றே அரைக்கால், ஒன்றேகால் என மூன்று அளவில் உண்டு, கியரும் அதற்கேற்ப மாறும். அளக்காமல் வாங்கிவிடாதீர்கள். புதுப்பேட்டையில் ஒரு கடையில் விசாரித்திருக்கிறேன், பழையது இருக்கிறதாம், பழையது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஷாஃப்டை உருவும்போது ஊசி ரோலர்கள் சிதறாமல் இருக்க, கியர் அகலத்துக்கு ஒரு டம்மி ஷாஃப்ட் கடைந்து தரச் சொல்லி லேத்தில் கொடுத்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை கிடைக்கும்.