பானெட்டில் குழி விழுந்தால் பெயின்ட் டப்பாவைத் திட்டாதீர்கள்

எங்கள் பழைய மாருதி 800-க்கு முழு பெயின்ட். டிங்கரிங், பட்டி, பிரைமர் வரை ஒரு பிரச்சினையும் இல்லை. நிறம் தரும் பேஸ் கோட் அடித்த அன்று போய்ப் பார்த்தால் வயிறு எரிந்துவிட்டது. பானெட் முழுக்க மிளகு அளவில் குழிகள், ஒவ்வொன்றின் நடுவிலும் பிரைமர் தெரிகிறது. பெயின்டர்கள் ஃபிஷ் ஐ என்பது இதைத்தான்.

"பெயின்ட் சரியில்ல சார்" என்றார் பட்டறைக்காரர். டப்பாவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினேன். அங்கே தின்னர் மேல் பழி. வேறு தின்னர் வாங்கிக் கலந்து அடித்தும் அதே குழிகள். காசும் போச்சு, அலைச்சல்தான் மிச்சம்.

கடைசியில் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போனேன். பல வருடம் பெயின்டராக இருந்தவர். டப்பாவை அவர் தொடவே இல்லை. பக்கத்து ஷெட்டைத்தான் பார்த்தார். அங்கே வாட்டர் சர்வீஸ். கழுவிய வண்டிகளுக்கெல்லாம் பையன்கள் டயர் பாலிஷும் டேஷ்போர்டு பாலிஷும் ஸ்ப்ரே செய்துகொண்டிருந்தார்கள். "சிலிகான்ப்பா. காத்துல வந்து உக்காந்துருக்கு" என்றார். சிலிகானின் பரப்பு இழுவிசை பெயின்டை விட மிகக் குறைவு. அதனால் ஈரப் பெயின்ட் அந்த இடத்தில் ஒட்டிப் பரவாமல் விலகி ஓடி, குழியாக நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத துளியே போதும்.

பட்டறையில் துடைத்த விதமும் தப்பு. ஒரே பனியன் வேஸ்ட்டைத் தின்னரில் நனைத்து வண்டி முழுக்கத் தேய்த்திருக்கிறார்கள். அழுக்கு போகாது, பரவத்தான் செய்யும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவமான கிரீஸ் ரிமூவரை ஒரு துணியால் தடவி, அது காய்வதற்குள் சுத்தமான இன்னொரு துணியால் துடைத்து எடுக்க வேண்டும். இதை எமரித் தாளால் தேய்ப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். முதலில் எமரி போட்டால் சிலிகான் அந்தக் கீறல்களுக்குள் இறங்கிவிடும். சோப்புத் தண்ணீர்க் கழுவல் அதற்கும் முந்தியது, ஏனென்றால் வியர்வை உப்பைக் கிரீஸ் ரிமூவர் எடுக்காது. தேய்த்து முடித்ததும் மறுபடி துடைக்கணும். அதன் பிறகு யாரும் வெறுங்கையால் பானெட்டைத் தொடக்கூடாது.

ஸ்ப்ரே கன்னுக்குக் காற்று தரும் கம்ப்ரசரையும் பெரியவர் விடவில்லை. டேங்கின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வடித்தார். பிறகு ஹோஸ் காற்றைச் சுத்தமான கண்ணாடி மேல் பிடித்து, எண்ணெய்ப் புள்ளியோ ஈரமோ படிகிறதா என்று பார்த்தார். மழைக்காலத்தில் இதைக் கட்டாயம் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

நன்றாகக் காய விட்டு, குழிகள் மறையும்வரை தேய்த்து, பக்கத்து ஷெட் பூட்டியிருந்த ஞாயிற்றுக்கிழமையில் அடித்தோம். முதல் கோட் பனி போல லேசாக. ஒரு குழி இல்லை! அப்பா பானெட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஃபிஷ் ஐ போக்கும் சொட்டு மருந்து என்று ஒரு பாட்டிலைப் பட்டறையில் நீட்டினால் யோசியுங்கள். பெரும்பாலும் அதுவும் சிலிகான்தான். அந்தப் பெயின்டில் குழி விழாது, ஆனால் ஸ்ப்ரே கன்னைச் சரியாகக் கழுவாவிட்டால் அடுத்து வரும் வண்டியில் விழும்.