எந்தப் பாத்திரத்தில் அதிகப் புழு?

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு எங்கள் பள்ளிப் பிள்ளைகளைத் தயார்செய்யும் வழிகாட்டி ஆசிரியராகப் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். 1993இல் தொடங்கிய மாநாடு அது. 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊரில் உள்ள ஒரு சிக்கலை எடுத்து, ஆராய்ந்து, அறிக்கை எழுதி, நடுவர்கள் முன் நின்று விளக்க வேண்டும். அதைத் தாய்மொழியிலேயே செய்யலாம். அதனால்தான் ஆங்கிலம் என்றால் ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைகள்கூட இதில் துணிந்து பேசுகிறார்கள்.

இந்த வேலையில் என் நேரத்தை அதிகம் எடுத்துக்கொள்வது கேள்வியைக் கண்டுபிடிப்பதுதான். தலைப்பு கேட்டால் 'டெங்குவை ஒழிப்பது எப்படி' என்றுதான் எழுதிக்கொண்டு வருவார்கள். சார்ட் வரைந்து சுவரில் ஒட்டுவதற்கு அது சரி. ஆனால் அதற்கான விடை ஏற்கெனவே புத்தகத்தில் இருக்கிறது. எட்டாம் வகுப்புக் குழு ஒன்று இப்படி வந்தபோது, அந்தக் கொசு எங்கே முட்டையிடும், நம் தெருவில் அப்படி என்னென்ன இடங்கள் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு பெண், "டீச்சர், எந்தப் பாத்திரத்துல கொசுப்புழு அதிகமா இருக்குன்னு வீடு வீடா எண்ணிப் பாக்கலாமா?" என்றாள். இதற்கு எனக்கே விடை தெரியாது. கூகுளுக்கும் தெரியாது. அன்றைக்கே வேலையைத் தொடங்கிவிட்டோம்.

கருவி இல்லையே என்று தயங்கினார்கள். அப்போது எமிலி ரோசாவைப் பற்றிச் சொன்னேன். அமெரிக்காவில் 9 வயதில் அவள் செய்த சோதனைக்கு ஒரு அட்டைத் தடுப்பு போதுமானதாக இருந்தது. உடலைத் தொடாமலே ஒருவரின் ஆற்றலை உணர முடியும் என்று சொன்ன 21 சிகிச்சையாளர்களைத் தடுப்புக்குப் பின்னால் கைநீட்டச் சொன்னாள். எந்தக் கைக்கு மேல் தன் கை இருக்கிறது என்று கேட்டாள். அவர்கள் சரியாகச் சொன்னது 44 விழுக்காடுதான். காசு சுண்டிப் பார்த்தாலே பாதி தேறும். 1998இல் அது மருத்துவ இதழில் வெளிவந்தது.

எங்களுக்கு ஒரு டார்ச், ஒரு லென்ஸ், ஒரு வெள்ளைக் கிண்ணம் போதும். நீரில் படுக்கைவாட்டில் மிதந்தால் அனோபிலிஸ் என்ற கொசு வகையின் புழு. தலைகீழாகத் தொங்கினால் ஏடிஸ் அல்லது கியூலெக்ஸ் வகைக் கொசுவின் புழு. இந்த இரண்டில் மூச்சுக்குழல் குட்டையாகவும் தடித்தும் இருப்பது ஏடிஸ். எண்ணி முடித்த தண்ணீரை வெறும் மண்ணில் ஊற்றிவிட வேண்டும்.

எல்லோரும் சாக்கடையைத்தான் சந்தேகப்பட்டார்கள். சாக்கடையில் கிடைத்ததோ கியூலெக்ஸ். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் இருந்தது வீட்டுக்குள், மூடாத டிரம்மிலும் சிமெண்ட் தொட்டியிலும் பிடித்துவைத்த நல்ல தண்ணீரில். பிள்ளைகளால் நம்பவே முடியவில்லை. ஒரு பையன் தன் வீட்டு டிரம்முக்கு நேரே பூஜ்யம் போட்டிருந்தான். அதே டிரம்மைப் பார்த்த இன்னொருத்தி, புழு இருந்தது என்று அடித்துச் சொன்னாள். பையனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமே என்ற பயம். அவனை நான் திட்டவில்லை. எல்லோரும் தங்கள் வீட்டுக்குப் பூஜ்யம் போட்டால் என்ன ஆகும் என்று மட்டும் குழுவிடம் கேட்டேன். விதியை அவர்களே போட்டுக்கொண்டார்கள்: அவரவர் வீட்டை அவரவர் பார்க்கக் கூடாது, ஒரே பாத்திரத்தை இரண்டு பேர் தனித்தனியாக எண்ண வேண்டும், அறிக்கையில் வீட்டுக்காரர் பெயர் வரக் கூடாது. பாடமாக நடத்தியிருந்தால் இது இவ்வளவு ஆழமாக அவர்கள் மனதில் பதிந்திருக்காது.

பெரியவர்களே எழுதிக் கொடுத்த அறிக்கைகளை மாநாடுகளில் நிறையப் பார்க்கிறேன். எனக்கு அதில் மிகுந்த வருத்தம். பிள்ளை எழுதியதில் எழுத்துப்பிழை இருக்கட்டும். எண்ணியது அவர்களாக இருந்தால் நடுவர் எப்படிக் கேட்டாலும் பதில் வரும். இந்தக் குழுவிடம் ஒரு நடுவர், "தண்ணீரை ஏன் திறந்து வைத்திருக்கிறார்கள்?" என்று கேட்டார். "குழாயில தினமும் தண்ணி வராது சார், வரும்போது இருக்கிற பாத்திரத்துல எல்லாம் பிடிச்சு வச்சுக்குவாங்க, அத்தனைக்கும் மூடி கிடையாது" என்றாள் அந்தப் பெண்.

ஏடிஸ் முட்டை பாத்திரத்தின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் இல்லாமலே பல மாதம் தாங்கும். மாநாடு முடிந்த பிறகு இதைச் சொன்னேன். அப்படியென்றால் டிரம்மை வெறுமனே கவிழ்த்தால் போதாதே, தேய்த்துக் கழுவிய வீட்டுக்கும் கவிழ்த்த வீட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று பார்க்கலாம் என்றான் அந்தப் பையன். முதலில் தன் வீட்டு டிரம்மையே பார்க்கச் சொல்லி, இரண்டு பேரை அவனே கூட்டிக்கொண்டு போனான்.