மட்டக்களப்பு வெக்கையில் ஓவன் டோனட்

டோனட் செய்முறைகளில் முக்கால்வாசி குளிர்நாட்டுக் குசினிகளுக்கு எழுதினவை. "மாவை வெதுவெதுப்பான இடத்தில் ஒரு மணித்தியாலம் வையுங்கள்" என்று ஒரு வரி தவறாமல் இருக்கும். மட்டக்களப்புக் கல்லடியில் சித்திரை, வைகாசி மாதத்தில் வெதுவெதுப்பில்லாத இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலை. தகரக் கூரைக்குக் கீழே பகல் இரண்டு மணிக்கு 33 பாகை செல்சியஸ் காட்டுகிற குசினியில், ஈஸ்ட் போட்ட மாவை ஒரு மணித்தியாலம் விட்டால் அது பொங்கி, தளர்ந்து, கள்ளு வாடை அடிக்கத் தொடங்கிவிடும். அதனால் கொஞ்ச நாளாக நான் செய்து பார்த்ததெல்லாம் ஒரே திசையில்தான்: மாவை எப்படிக் குளிராக வைத்திருப்பது. ஓவன் வேலை அதற்குப் பிறகுதான்.

எண்ணெயில் பொரிக்காமல் ஏன் சுட வேண்டும் என்று கேட்டால் ஆரோக்கியப் பேச்சு பேச நான் தயாரில்லை. பொரித்து முடித்த ஒரு லீற்றர் எண்ணெயை மறுகா என்ன செய்வது என்பதுதான் என் பிரச்சினை. பட்டரும் சீனியும் போகிற அளவைப் பார்த்தால் ஓவன் டோனட் ஒன்றும் பத்தியச் சாப்பாடில்லை.

பொரித்ததும் சுட்டதும் ஒன்றல்ல என்பதையும் ஏற்றுக்கொள்ள வேணும். கொதிக்கிற எண்ணெய் மாவின் தோலுக்குச் சூட்டைக் கொடுக்கிற வேகம் ஓவனுக்குள் இருக்கிற காற்றுக்கு வராது. எண்ணெயில் டோனட் பாதி மூழ்கி மிதப்பதால் இடுப்பைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு விழும். ஓவனில் அந்தக் கோடு கிடையாது, மொறுமொறுப்பும் குறைவு. பதிலுக்கு உள்ளே பஞ்சு மாதிரி இருக்கும், எண்ணெய் கையில் ஒட்டாது.

இப்போது நான் பிடித்து வைத்திருக்கிற அளவு இது. கோதுமை மா 500 கிராம், சீனி 60, உப்பு 7, ஈஸ்ட் 5, பட்டர் 60, முட்டை ஒன்று, பால் 290 மில்லிலீற்றர். மா விஷயத்தில் நான் அலட்டிக்கொள்வதில்லை. திருகோணமலையில் அரைபட்டு வருகிற பிறிமா மாவே போதும். ஈஸ்ட்டை மட்டும் வழக்கமான 7 கிராமிலிருந்து குறைத்திருக்கிறேன், எங்கட சூட்டுக்கு அதுவே தாராளம். பெட்டியை உடைத்த பிறகு ஈஸ்ட்டைக் காற்றுப் புகாத போத்தலில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேணும். அலுமாரியில் வைத்தால் இந்த வெக்கைக்கும் ஈரத்துக்கும் வீரியம் போய்விடும்.

அந்தப் பாலில் 125 மில்லிலீற்றரை எடுத்து, 500 கிராமிலிருந்து 25 கிராம் மாவைக் கரைத்து, சிறு நெருப்பில் கிண்டி ஒரு கூழ் காய்ச்சுகிறேன். ஏறக்குறைய 65 பாகையில் மாப்பொருள் வீங்கித் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கரண்டி போன தடம் அடியில் தெரிந்தால் இறக்கிவிடலாம். பிடித்த தண்ணீரை அது சுடும்போதும் லேசில் விடாது, அதனால் மறுநாளும் டோனட் மெத்தென்று இருக்கும். பொரிக்கிற டோனட்டுக்கு இது இல்லாமலும் போகும். ஓவன் உலர்த்துகிற சாமான் என்பதால் இங்கே இதை விடக்கூடாது. கூழை நன்றாக ஆறவிட்டு, குளிரப் பண்ணித்தான் சேர்க்க வேணும்.

இனிக் கணக்கு. வெதுப்பகக்காரர்கள் பயன்படுத்துகிற ஒரு எளிய கணக்கு இருக்கிறது. குழைத்து முடிந்த மா என்ன சூட்டில் இருக்க வேணுமோ அதை மூன்றால் பெருக்கி, அதிலிருந்து மாவின் சூடு, அறையின் சூடு, குழைக்கும்போது உரசலால் ஏறுகிற சூடு மூன்றையும் கழித்தால், ஊற்றுகிற பாலோ தண்ணீரோ எத்தனை பாகையில் இருக்க வேணும் என்று வரும். எனக்கு மா 26 பாகையில் வேணும். மூன்றால் பெருக்கினால் 78. அறை 32, டின்னில் இருக்கிற மா 31, கையால் குழைப்பதற்கு 2 என்று வையுங்கள். மிச்சம் 13. அதாவது "இளஞ்சூடான பால்" என்று செய்முறை சொல்கிற இடத்தில் நான் ஊற்ற வேண்டியது நல்ல குளிர்ந்த பால். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை மாவோடு நேரே கலக்கலாம், சூடான பாலில் ஊறவைத்து எழுப்பத் தேவையில்லை. பெரிய பேக்கரிகளில் மெஷினுக்குள் ஐஸ் போட்டுக் குழைப்பதும் இதே கணக்கில்தான்.

குழைப்பது ஒரு பதினைந்து நிமிட வேலை. பட்டரைக் கடைசியில், குளிராக, சின்னத் துண்டுகளாகச் சேர்க்க வேணும். தொடக்கத்திலேயே போட்டால் மாவின் பசை சரியாக உருவாகாது, அதோடு எங்கட சூட்டில் பட்டர் உருகி எண்ணெயாக வெளியே கசியும். ஒரு துண்டு மாவைப் பிய்த்து விரலால் மெல்ல விரித்தால் கிழியாமல் மறுபக்க வெளிச்சம் தெரிய வேணும். அதுவரைக்கும் கை ஓயக்கூடாது. வறண்ட கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மாவின் மேல்தோல் நிமிடக் கணக்கில் காய்ந்துவிடும், ஈரத்துணியால் மூடியே வைக்க வேணும். மார்கழி மழைக்கு நிலைமை தலைகீழ். மாவே ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், பாலில் இரண்டு மேசைக்கரண்டி குறைத்து ஊற்றினால் சரியாக வரும்.

பெரிய முன்னேற்றம் எதில் வந்தது என்றால், குழைத்த மாவை இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்ததில். குளிரில் ஈஸ்ட் மெதுவாகத்தான் வேலை செய்யும், வாசமும் நன்றாக ஊறி வரும். விடியற்காலை எடுத்தால் மா இறுகி இருக்கும், ஒட்டாமல் தேய்க்கலாம், வெட்டிய விளிம்பு நறுக்கென்று நிற்கும். ஒன்றரை சென்ரிமீற்றர் தடிப்பில் தேய்த்து, வாய் அகன்ற கிளாசால் வட்டம் வெட்டுகிறேன். பதினைந்து பதினாறு தேறும்.

நடு ஓட்டைக்கு முதலில் சோடாப் போத்தல் மூடியைத்தான் பாவித்தேன். 1847 இல் தானே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்ததாக ஹான்சன் கிரகரி என்ற அமெரிக்கக் கப்பல்காரர் சொல்லிக்கொண்டாராம். நடுப்பகுதி வேகாமல் மாவாக நிற்பதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. ஓவனில் அந்தப் பயம் அவ்வளவு இல்லை, வேறொரு சிக்கல்தான் இருக்கிறது. எண்ணெயில் தோல் உடனே இறுகுவதால் ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். ஓவனில் தோல் இறுக நேரம் எடுக்கும், அதற்குள் மா உள்பக்கமும் பொங்கி ஓட்டையை மூடிவிடும். இப்போது மூன்றரை சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டுகிறேன். வெட்டும்போது அநியாயத்துக்குப் பெரிதாகத் தெரியும், சுட்டு எடுத்தால் அளவாக இருக்கும்.

வெட்டியதை நெய்த்தாளில் ஒவ்வொன்றாக வைத்து ஒரு மணித்தியாலமளவில் பொங்கவிடலாம். மணிக்கூட்டை நம்பாமல் விரலை நம்புவது நல்லது. ஓரத்தில் மெல்ல அழுத்தினால் பள்ளம் ஆறுதலாக நிமிர வேணும். உடனே துள்ளி நிமிர்ந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. நிமிரவே இல்லையென்றால் உடனே ஓவனுக்குள் தள்ளுங்கள்.

ஓவனைப் பற்றி: மேசையில் வைக்கிற சின்ன ஓவன்களில் குமிழ் காட்டுகிற சூட்டை அப்படியே நம்ப முடியாது. என்னுடையது 190 என்று சொல்லும்போது உள்ளே வைத்த வெப்பமானி 175 தான் காட்டும். லைட் அணைந்த பிறகும் ஒரு கால் மணித்தியாலம் சும்மா சூடேற விடுகிறேன். உண்மையான 190 இல், நடுத்தட்டில், ஒன்பது பத்து நிமிடம். பாதியில் தட்டை முன்பின்னாகத் திருப்பி வைக்க வேணும், ஏனென்றால் பின்பக்கம் எப்போதும் முந்திச் சிவக்கும். குறைந்த சூட்டில் கூட நேரம் வைப்பதுதான் டோனட்டை ரஸ்க் ஆக்குகிற வழி. உள்சூடு 90 பாகை வந்தால் எடுத்துவிடலாம், மேலே பொன்னிறம் வெளிறித் தெரிந்தாலும் பரவாயில்லை. முட்டை பூசிச் சுட்டும் பார்த்தேன். மினுமினுப்பு வந்தது, ஆனால் பேக்கரிப் பணிஸ் (பன்) தோல் வந்துவிட்டது.

அந்தத் தட்டைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டு மாமி கேட்டா: "என்ன மனே இது, பணிசுக்கு நடுவுல ஓட்டை போட்டு வெச்சிரிக்காய்?" கேள்வி நியாயமானதுதான். ஓவனிலிருந்து வந்த கோலத்தில் அது பணிஸின் தம்பிதான். அதை டோனட் ஆக்குவது அதற்கு அடுத்த ஒரு நிமிடம். சுடச்சுட உருக்கிய பட்டரில் இரண்டு பக்கமும் தோய்த்து, நேரே சீனிக்குள் போட்டுப் புரட்ட வேணும். தூரிகையால் பூசினால் பட்டர் மேலோடு நின்றுவிடும், தோய்த்தால்தான் தோலுக்குள் இறங்கும். ஆறவிட்டால் சீனி ஒட்டாது. எங்கட கடைச் சீனி பரல் பெரிசு, பாதியை மிக்சியில் ஒரு சுற்று அடித்து மிச்சப் பாதியோடு கலந்தால் நன்றாகப் பிடிக்கும். ஐசிங் சீனி இந்த வாவிக்கரை ஈரத்தில் கொஞ்ச நேரத்திலேயே கசிந்து போகிறது, நான் விட்டுவிட்டேன்.

கறுவாத்தூளைச் சீனியோடு சேருங்கள், மாவுக்குள் போடாதீர்கள். கறுவாவின் காரம் ஈஸ்ட்டை அடக்கும், மா பொங்கப் பஞ்சிப்படும்.

பாலில் 60 மில்லிலீற்றரைக் குறைத்து அந்த அளவு எருமைத் தயிர் சேர்த்துப் பார்த்ததும் நன்றாக வந்திருக்கிறது. முட்டித் தயிரின் மேலாடையோடு எடுத்தால் கொழுப்பும் சேரும், புளிப்பு மாவை மென்மையாக்கும். சீனிக்குக் கீழே ஒரு சின்னப் புளிப்பு நிற்கும். வீட்டில் பிள்ளைகளுக்கு அது பிடிக்கவில்லை, எனக்கு அதுதான் பிடித்தது. ஆகவே இரண்டு விதமும் மாறி மாறி நடக்கிறது.

மிஞ்சினால் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். அந்தக் குளிரில் மாப்பொருள் வெளியில் இருப்பதைவிட வேகமாக இறுகும். நான் பாதித் தட்டைப் பட்டரும் சீனியும் தொடாமல் ஆறவிட்டு, பையில் போட்டு பிறீசருக்குள் வைக்கிறேன். யாராவது வந்தால், தேத்தண்ணி கொதிக்கிற நேரத்துக்குள் 160 பாகையில் ஐந்து நிமிடம் சூடாக்கி, பிறகு பட்டர், சீனி. அடுத்த மாவில் ஈஸ்ட்டை 4 கிராமுக்கு இறக்கி, இரண்டு இரவு குளிரில் வைத்துப் பார்க்கப் போகிறேன்.