அடியில் கிடக்கும் அக்டோபர் பனி

கொலராடோவில் ஸ்கீ மாட்டிக்கொண்டு ரிசார்ட் எல்லைக்கு வெளியே போகிறவர்கள் காலையில் முதலில் பார்ப்பது கொலராடோ பனிச்சரிவுத் தகவல் மையத்தின் அறிக்கையைத்தான். ஆபத்தை 1 முதல் 5 வரை எண்ணிட்டுச் சொல்வார்கள். நான் அதோடு நிற்பதில்லை. எந்தத் திசைச் சரிவு, எந்த உயரம், என்ன வகைச் சிக்கல் என்பதையும் நிதானமாகப் படிப்பேன். இந்த ஜனவரியில் சிக்கல் அடியில் இருக்கிறது.

அக்டோபரில் விழுந்த மெல்லிய பனி வடக்குச் சரிவுகளில் கரையாமல் தங்கிவிடுகிறது. அதற்குக் கீழே தரை கிட்டத்தட்ட 0 டிகிரி, மேலே இரவுக் காற்று மைனஸ் 15, 20. 10 செ.மீ. பனிக்குள் 1 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தாலே நீராவி மேலேறி, பனித்துகள்களைக் கோணல்மாணலான படிகங்களாக மாற்றத் தொடங்கிவிடும். கையில் அள்ளினால் சர்க்கரைபோல உதிரும், ஒன்றோடொன்று ஒட்டாது. அப்புறம் வரும் பனிப்புயல்கள் எல்லாம் இதன் தலையில்தான் ஏறி உட்காருகின்றன.

போன வாரம் பெர்த்தூட் பாஸ் என்ற மலைக்கணவாய்ப் பக்கம், அந்த அடி அடுக்கு தாங்குமா என்று பார்க்க, வடக்கு பார்த்த ஒரு மிதமான சரிவில் தரை தெரியும்வரை பனியில் குழி தோண்டினோம். குழியின் சுவரில் குறுக்கே 90 செ.மீ., முன்னிருந்து பின்னாக 30 செ.மீ. இருக்கும்படி ஒரு பனித்தூணை ரம்பத்தால் அறுத்துப் பிரித்து, அதன் மேல் ஓரத்தில் மண்வெட்டியை வைத்துத் தட்ட வேண்டும். மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்து, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. மணிக்கட்டுத் தட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையிலிருந்து தட்ட ஆரம்பித்த சற்று நேரத்திலேயே அடி அடுக்கில் ஒரு கோடு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே வீச்சில் ஓடியது. மேலே இருந்த கெட்டிப்பனி முழுசாக வழுக்கி என் முழங்காலில் வந்து மோதியது.

"அப்போ மேலே வேண்டாம்க்கா" என்றாள் கூட வந்த தங்கை. அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சில்லை.

தூண் அசையாமல் நின்றிருந்தாலும் செங்குத்தான பக்கத்துக்குப் போயிருக்க மாட்டோம். ஒரு குழி காட்டுவது அந்த ஓர் இடத்தை மட்டுமே. பத்தடி தள்ளிப் பனி மெலிந்த இடத்தில் கதை வேறாக இருக்கலாம். குழி 'வேண்டாம்' என்றால் கேட்டுக்கொள்வேன். 'போ' என்று சொல்லும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்க மாட்டேன். 2013 ஏப்ரல் 20 அன்று லவ்லேண்ட் பாஸ் அருகே ஷீப் கிரீக்கில் 5 பேரைக் கொன்ற பனிச்சரிவும் தரையை ஒட்டிய இதே வகை அடுக்கில்தான் உடைந்தது. ஏப்ரல்! குளிர்காலமே முடியப்போகிற நேரம்.

மேலே உள்ள கெட்டிப்பனி பலகைபோல மொத்தமாக உடைந்து வழுக்கும் 'ஸ்லாப்' பனிச்சரிவுகளில் பெரும்பாலானவை 30 முதல் 45 டிகிரி சாய்வுள்ள இடங்களில் நடப்பவை. அதனால் சாய்வை அளக்கும் சரிவுமானியை ஜாக்கெட்டின் வெளிப்பையிலேயே வைத்திருக்கிறேன். அன்றைக்கு மரங்களுக்கு நடுவே 25 டிகிரியைத் தாண்டாத இடமாகப் பார்த்து இறங்கினோம். தலைக்குமேல் செங்குத்தான சரிவு எதுவும் இல்லை என்பதையும் வரைபடத்தில் பார்த்துக்கொண்டோம். ஏனென்றால் கீழே சமதளத்தில் நடப்பவரின் எடையே மேலே உள்ள பனியை உடைத்துவிடக்கூடும். பனி அருமையாக இருந்தது, முழங்கால்வரை பொடி.

இந்த அடுக்கு உறுதிப்படும்வரை, அது மார்ச் ஆனாலும் சரி, எங்களுக்கு இந்தச் சாய்வுதான்.