ஹோம் ஃபோல்டரில் வெப் பக்கம்: 403 எங்கிருந்து வருகிறது

காட்பாடி பக்கம் ஒரு கல்லூரி லேப். பழைய சர்வரிலிருந்து உபுண்டு 22.04 லினக்ஸ், அப்பாச்சி 2.4 வெப் சர்வருக்கு மாறியபோது மாணவர்களின் சொந்தப் பக்கங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. முகவரியில் ~ போட்டு லாகின் பெயரை அடித்தால், அவரவர் ஹோமில் உள்ள பப்ளிக்_எச்டிஎம்எல் ஃபோல்டர் வர வேண்டும்.

முதலில் வந்தது 404, அதாவது 'பக்கம் இல்லை'. ~ முகவரியை ஹோமுக்குத் திருப்பும் யூசர்டிர் மாட்யூலையே ஏற்றவில்லை. 'சூடோ ஏ2என்மாட் யூசர்டிர்' கொடுத்து அப்பாச்சியை ரீஸ்டார்ட் செய்ததும் 404 போய் 403 ('அனுமதி இல்லை') வந்தது. இதை முன்னேற்றம் என்றே எடுத்துக்கொள்ளலாம். சர்வர் சரியான வீட்டுக்கு வந்துவிட்டது, வாசலில்தான் நிற்கிறது.

இந்த இடத்தில்தான் பலரும் பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு சிஎச்மாட் 777 (யாரும் படிக்க, எழுத, நுழைய அனுமதி) போடுகிறார்கள். போட்டாலும் 403 போகாது. பக்கத்து சீட்டுக்காரர் உங்கள் ஃபைலை அழிக்க வழி கிடைப்பதுதான் மிச்சம். அதற்குப் பதில் எர்ரர் லாகை 'டெயில் -எஃப்' போட்டுத் திறந்து வைத்து, பக்கத்தை ஒருமுறை ரீலோட் செய்யுங்கள். எங்களுக்கு வந்தது ஏஎச்00035: பாதையில் ஏதோ ஒரு படியைக் கடக்க அனுமதி இல்லை. எந்தப் படி என்று லாக் சொல்லாது. அதற்கு 'நேம்ஐ -எல்' கொடுத்து, பின்னால் ஃபைலின் முழுப் பாதையையும் அடிக்க வேண்டும். வேரிலிருந்து ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஓனர், குரூப், பெர்மிஷன் வரிசையாக வரும்.

பெர்மிஷனின் மூன்று இலக்கங்களும் வரிசையாக ஓனர், குரூப், மற்றவர்களுக்கு; 4 படிக்க, 2 எழுத, 1 ஃபோல்டரைக் கடக்க. பப்ளிக்_எச்டிஎம்எல் 755, ஃபைல் 644, இரண்டும் சரி. மாட்டியது ஹோம் ஃபோல்டர்: 750. உபுண்டு 21.04-இலிருந்து புதிதாக உருவாக்கும் யூசரின் ஹோம் இப்படித்தான் வரும். அதற்கு முன் 755. அப்பாச்சி ஓடுவது டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா என்ற யூசராக. அது மாணவரின் குரூப்பில் இல்லாததால் கடைசி 0 அதற்குத்தான்.

711 போட்டால் வேலை நடக்கும். ஹோமில் என்னென்ன இருக்கிறது என்று மற்றவர்களால் பட்டியல் எடுக்க முடியாது. ஆனால் பெயர் தெரிந்த ஃபைல் 644-ஆக இருந்தால் படித்துவிடலாம். அசைன்மென்ட் காப்பி அடிக்க அதுவே போதும். அதனால் 'செட்எஃப்ஏசிஎல் -எம்' மூலம் டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவுக்கு மட்டும் ஹோமில் எக்ஸ் (கடக்கும் அனுமதி) கொடுப்பது மேல். இதிலும் ஒரு பொறி உண்டு. பிறகு யாராவது அந்த ஹோமுக்கு சிஎச்மாட் 700 போட்டால் ஏசிஎல் (இப்படித் தனித்தனியாகக் கொடுத்த அனுமதிப் பட்டியல்) மாஸ்க், அதாவது அந்த அனுமதிகளின் உச்சவரம்பு, காலியாகிவிடும். கொடுத்த அனுமதி பட்டியலில் அப்படியே இருக்கும், செல்லாது. 'கெட்எஃப்ஏசிஎல்' போட்டால் அந்த வரியின் பக்கத்தில் எஃபெக்டிவ் என்று காட்டிக் கொடுக்கும்.

ராக்கி, அல்மா லினக்ஸில் இதெல்லாம் சரியாக இருந்தும் 403 வந்தால், ஃபைல்களுக்கு லேபிள் ஒட்டி அணுகலைக் கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸைப் பாருங்கள். 'செட்எஸ்இபூல் -பி எச்டிடிபிடி_எனேபிள்_ஹோம்டிர்ஸ் ஆன்', பிறகு லேபிளைச் சரிசெய்ய பப்ளிக்_எச்டிஎம்எல்லுக்கு 'ரெஸ்டோர்கான் -ஆர்வி'. டெம்ப் ஃபோல்டரிலிருந்து எம்வி (நகர்த்தல்) செய்த ஃபைல் பழைய லேபிளோடு வந்து மாட்டும். சிபி (நகல்) செய்தால் புது இடத்தின் லேபிள் கிடைக்கும்.

பக்கம் திறந்த பிறகு பிஎச்பி ஃபைல் ஓடாமல் சோர்ஸ் கோடாகவோ டவுன்லோடாகவோ வந்தால் உடனே கவனிக்க வேண்டும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு வெளியே போய்விடும். உபுண்டுவில் பிஎச்பியை ஓட்டும் மாட்-பிஎச்பி மாட்யூலின் கான்ஃப் (அமைப்பு) ஃபைலே ஹோம் ஃபோல்டர்களில் பிஎச்பி எஞ்சினை ஆஃப் செய்து வைத்திருக்கிறது. அந்த வரியை ஆன் என்று திருத்தாமல், இஃப்மாட்யூல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை முழுவதையும் கமென்ட் செய்யுங்கள். ஆன் என்று போட்டுவிட்டால் எந்த மாணவரும் தன் ஃபோல்டரில் வைக்கும் எச்டிஆக்சஸ் அமைப்பு ஃபைலில் அதை நிறுத்த முடியாது.

எச்டிஆக்சஸில் ஆப்ஷன்ஸ் வரி எழுதினால் 500 (சர்வர் பிழை) வரும். யூசர்டிர் கான்ஃபில் அதற்கு அனுமதி இல்லை. வரியை எடுத்துவிட்டால் போதும்.

கடைசியாக வந்த புகார், கோட்டை அகழியின் படம் மட்டும் தெரியவில்லை என்பது. ஃபைல் பெயரின் கடைசி மூன்றெழுத்தான ஜேபிஜி, கேமராவில் பெரிய எழுத்து, வெப் பக்கத்தில் எழுதியது சின்ன எழுத்து. விண்டோஸ் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், லினக்ஸ் எடுக்காது. ஃபைல் பெயரை மாற்றியதும் படம் வந்தது.